மனுநீதிச் சோழன் கதை தொன்மமா, நாட்டார் கதையா?

ஏட்டுச்சுவடி:
ஒரு பனுவலுக்குள் தொன்மக் கூறு எது, நாட்டார் கதைக் கூறு எது என்று எப்படிப் பிரிப்பது? ‘தெய்வமோ மாயமோ வந்தால் தொன்மம்’ என்கிறார்கள். மனுநீதிச் சோழன் கதையில் இது சறுக்குகிறது. பசு மணி அடிக்கிறது, கடைசியில் சிவனும் வருகிறார். இதை எதில் சேர்ப்பது?

கூழாங்கல்:
மாயத்தை அளவுகோலாக வைத்தால் சறுக்கத்தான் செய்யும். நாட்டார் கதையில் பாம்பு பேசும், கிளிக்குள் ராட்சசன் உயிர் இருக்கும். நம்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்க நாட்டாரியல் ஆய்வாளர் வில்லியம் பாஸ்கம் 1965-இல் சொன்ன பிரிப்பு கைகொடுக்கும்: சொல்கிறவர்கள் இதை உண்மை என்று கொள்கிறார்களா, எந்தக் காலம், எந்த இடம்? உலகம் இப்போதைய வடிவத்துக்கு வருமுன் நடந்த புனித நிகழ்ச்சி என்றால் தொன்மம். பாற்கடல் கடைந்தது அப்படி. மனிதர் காலத்தில், பேர் தெரிந்த ஊரில் உண்மையாக நடந்தது என்றால் பழமரபுக்கதை. பழையனூர் நீலி அந்த வகை. “ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்றால் நாட்டார் கதை.

நெல்லைக்காரி:
மூன்று நூல்களை அருகருகே வையுங்கள், விடை அங்கேயே இருக்கிறது.

சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி இதைச் சில அடிகளில் சொல்லி முடிக்கிறாள்: மணி, பசுவின் கண்ணீர், தேர்க்காலில் மகன். உயிர்த்தெழுதல் கிடையாது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இதையே அங்கு ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன்மேல் ஏற்றுகிறது. அங்கும் மகன் மீளவில்லை. ஆனால் குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும் வந்து அதே மணியை அடிக்கிறது! இத்தாலியில் கிழட்டுக் குதிரை அடிக்கும். ஆக, மணி இடம்பெயரும் கதைக்கூறு. உலக நாட்டார் கதைகளை வகைப்படுத்தி எண் கொடுக்கும் ஆர்னே–தாம்ப்சன்–உத்தர் அடைவில் இதன் எண் 207சி. பெரியபுராணத்தில்தான் திருவாரூர், அமைச்சர் உயிர்விடுதல், வீதிவிடங்கராகச் சிவன் காட்சி தருதல், எல்லோரும் உயிர்பெறுதல் எல்லாம் சேர்கின்றன.

எனவே கரு நாட்டார் கதை. அரசன் பேரும் ஊரும் ஒட்டியதும் பழமரபுக்கதை. சிவன் வருகை அடியார் புராணம் போட்ட முடிவு. பாஸ்கம் சொல்லும் தொன்மம் இதில் இல்லை.

இன்னொன்று: “வாயிற் கடைமணி”, “ஆவின் கடைமணி”. முதலாவது வாசல் மணி, அடுத்தது பசுவின் கண்மணியின் கடை. அந்தச் சிலேடை வாய்மொழியில் வந்ததல்ல, இளங்கோவின் கைவேலை. இதையும் நாட்டார் கூறு என்று எழுதிவிடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
கதைப்போக்கை 31 செயல்களாகப் பிரித்த ருஷ்ய ஆய்வாளர் பிராப்பின் பட்டியலைப் பொருத்திப் பார்க்கலாமா?

கூழாங்கல்:
வேண்டாம். 1928-இல் அவர் எடுத்துக்கொண்டது ருஷ்ய மாயக்கதைகளை மட்டுமே. மாயப்பொருளும் அதைத் தரும் கொடையாளரும் உதவியாளரும் இல்லாத கதையில் பாதிக் கட்டம் காலியாக நிற்கும். பிறகு அமைச்சரை இழுத்து ‘உதவியாளர்’ ஆக்க வேண்டிவரும். நாட்டார் கதைகளின் அமைப்பைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர் ஆக்சல் ஓல்ரிக் சொன்ன விதிகள் இங்கே பொருந்தும்: ஒரு காட்சியில் இருவர், கூர்மையான எதிர்நிலை, மும்முறை அடுக்கு. பசுவும் அரசனும் எதிரெதிரே நிற்பதைப் பாருங்கள். மூன்று என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். வேறு ஊரில், வேறு மொழியில் இணைக்கதை கிடைத்தால்தான் வாதம் நிற்கும்.

நெல்லைக்காரி:
நவீன இலக்கியம் என்றால் வேலை தலைகீழ். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் (1943) ‘அகலிகைத் தொன்மம் உள்ளது’ என்பது விடையே ஆகாது. அது கதை தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரியும். மூலக்கதை எந்த இடத்தில் முறிகிறது என்று குறிக்க வேண்டும்: சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள்.