கலைச்சொல்: இணைந்து வெளியிடும் ஆல்பத்துக்குக் ‘கூட்டேடு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தனித்தனியே பெயர்பெற்ற இசைக்கலைஞர்கள் இணைந்து வெளியிடும் ஆல்பத்துக்கு ‘இணையிசைத் தொகுப்பு’ என்னும் சொல் முந்தைய மடலில் முன்வைக்கப்பட்டது. அதன் இரு பகுதிகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘இணையிசை’ என்று கண்டவுடன் இணையத்தில் கேட்கும் இசை என்றே இன்றைய வாசகர் பொருள்கொள்வார். ‘தொகுப்பு’ அதைவிடப் பெரிய சிக்கல். முன்பே வெளிவந்த பாடல்களைத் திரட்டித் தரும் வெளியீட்டுக்கும் அச்சொல்லையே ஆள்கிறோம். பாடலின் வழக்கமான வடிவத்தை விரித்துச் செல்லும் ராக் வகையான புரோகிரசிவ் ராக்கின் ஆல்பங்களிலோ தொடக்கத்திலிருந்தே ஒரே படைப்பாகக் கட்டப்பட்டவை பல. ஜெத்ரோ டல் குழு 1972இல் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் தொடரும் ஒரே பாடல். அங்கே தொகுப்பதற்கு ஏதுமில்லை.

ஆகவே ஆல்பத்துக்கு ‘ஏடு’, அதாவது ‘இசையேடு’, என்பதைப் பரிந்துரைக்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்தில் சில நிமிட இசையே அடங்கியதால், நீண்ட படைப்புக்குரிய பல தட்டுகளை உறைகளில் இட்டுப் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். ஆல்பம் என்னும் பெயர் இசைக்கு வந்தது அந்தக் கட்டிலிருந்துதான். ஏடு என்பது ஓர் ஓலையைத்தானே குறிக்கும், கட்டினால் சுவடி அல்லவா என்று கேட்கலாம். நாளேடு, கையேடு, பதிவேடு ஆகியவற்றில் அது முழுமையான ஒன்றையே குறிக்கிறது என்பது என் விடை. கூட்டாகச் செய்த இசையேடு, சுருக்கமாகக் ‘கூட்டேடு’.

சொல்லின் எல்லையையும் வரையறுக்க வேண்டும். யெஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஜான் ஆண்டர்சனும் ஃபிளவர் கிங்ஸ் குழுவின் ராய்ன் ஸ்டோல்ட்டும் 2016இல் இருவர் பெயரிலும் வெளியிட்ட ‘இன்வென்ஷன் ஆஃப் நாலெட்ஜ்’ ஐயமின்றிக் கூட்டேடு. நாட்டார் இசை வேர்களைத் தேடிப் பாடகர்கள் ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் 2007இலும் 2021இலும் தந்த இரண்டு ஆல்பங்களும் அவ்வாறே. இசைக்கலைஞர்கள் ஸ்டீவன் வில்சனும் மிகேல் ஓகர்ஃபெல்ட்டும் 2012இல் ‘ஸ்டார்ம் கரோஷன்’ என்ற தனிப்பெயரில் வெளியிட்டதையும், இருவரின் ஒற்றைப் படைப்பு என்பதால், இதில் சேர்க்கலாம். ஆனால் நான்கு குழுக்களின் கலைஞர்கள் கூடிய டிரான்ஸ்அட்லான்டிக், 2000 முதல் பல ஆல்பங்கள் தந்துவிட்ட நிலையில், தானே ஓர் இசைக்குழு. அதன் ஆல்பங்களை இசையேடு என்றாலே போதும். ஓரிரு பாடல்களில் மட்டும் விருந்தினராக ஒருவர் வாசிப்பதும் கூட்டேடு ஆகாது.

புரோகிரசிவ் ராக்கை ‘முற்போக்கு ராக்’ என மொழிபெயர்ப்பது குறித்தும் ஒரு கருத்து: தமிழில் முற்போக்கு அரசியல் நிலைப்பாட்டைச் சுட்டுவதால், பாடலின் வடிவத்தையும் தாளக்கட்டையும் விரிக்கும் இவ்விசைக்கு அது பொருந்தாது. ‘விரியிசை ராக்’ எனலாம். வினைத்தொகையாதலால் விரிந்த, விரிகின்ற, விரியும் என முக்காலமும் அதில் அடங்கும். நாட்டார் இசையும் ராக்கும் கலந்த ஃபோக் ராக்குக்கு ‘நாட்டார் ராக்’ போதும்.

‘கூட்டேட்டில்’, ‘கூட்டேடுகளின்’ என உருபேற்கும்போதும் சொல் இடறவில்லை என்பதை எழுதிப் பார்த்தேன். டிரான்ஸ்அட்லான்டிக் போன்ற குழுக்களை விலக்குவது சரியா என்பதில் மட்டும் உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

அன்புடன்.