அரிசி களைந்த தண்ணீர், அப்பாவின் டிரம், பிறகு சில சண்டைகள்

பொங்கோல் மருமகள்:
மாமியாருக்குச் சென்னை வேளச்சேரி. 2019 கோடை, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம், எல்லாம் அங்கேயே இருந்து பார்த்தவர். போன மாதம் இங்கே சிங்கப்பூருக்கு வந்திருந்தார். அரிசி களைந்த தண்ணீரை நான் சிங்கில் சாய்க்கப் போனேன். "ஐயையோ, இரும்மா!" என்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வலித்தது. அவருக்கே சங்கடமாகி, பாத்திரத்தை எடுத்துப்போய்க் காரிடார் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். இன்றைக்கும் சிங்க் பக்கம் போனால் என் கை தயங்குகிறது.

ஜூரோங்காரன்:
தண்ணீர் பில் ஏறினால்தான் ஆள் திருந்துவான். 2024 ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசு, 2025 ஏப்ரலில் இன்னும் 30 காசு ஏறியதும் மகன் குளிக்கும்போது கதவைத் தட்ட ஆரம்பித்தேன். அவன் நிறுத்தவில்லை என்பது வேறு கதை.

தேக்கா பழசு:
நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் தம்பி. ஆயிரம் லிட்டர் சுமார் மூன்றேகால் வெள்ளி, இரண்டு கோப்பி காசு. யாருக்கு உறைக்கும்? பொங்கோல் தங்கச்சி, பட்டவர்கள் சிக்கனமாக இருப்பார்கள் என்றும் நம்பாதீர்கள். என் அப்பா 1963 தண்ணீர் ரேஷனைப் பார்த்தவர், ஏறக்குறைய பத்து மாதம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஒன்பதாம் மாடிக்கு வந்த பிறகும் குளியலறையில் டிரம் நிரப்பி வைப்பார். காலையில் "பழசு" என்று முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார். பயம் வேறு, சிக்கனம் வேறு.

ஈசூன் தாத்தா:
எங்கள் வீட்டில் கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகியது, பில் வந்துதான் தெரிந்தது. எல்லோரும் இன்றே பாருங்கள். தொட்டியில் கேசரிப் பவுடர் கொஞ்சம் போடுங்கள், ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் ரப்பர் போய்விட்டது. அப்புறம், துணி சேர்ந்த பிறகே மெஷின் போடுங்கள். ஷவர் வாங்கும்போது தண்ணீர் சிக்கன லேபிளில் எத்தனை டிக் என்று பாருங்கள், டிக் கூடினால் சிக்கனம் கூடும். குளியல் ஐந்து நிமிஷம். 2023இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 141 லிட்டர் புழங்கினோம், 2030க்குள் 130 ஆக்க வேண்டுமாம். டிரம் வைப்பவர்கள் கொசுவையும் கவனியுங்கள்.

பொங்கோல் மருமகள்:
சரிங்க தாத்தா, பார்க்கிறேன். தேக்கா அண்ணன் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று மாமியாருக்குப் போன் போட்டேன். பின்னால் மொட்டைமாடித் தொட்டி வழிந்து கொட்டும் சத்தம். "மோட்டாரை நிறுத்தலையா அத்தை?" என்றேன்.

"ஏரியெல்லாம் ரொம்பிக் கிடக்கும்மா," என்றார்.