கடலுக்குப் போகும் கொள்ளிடத் தண்ணீர் வீணா?

கடைமடை விவசாயி:
2018 ஆகஸ்டில் காவிரியின் கிளையான கொள்ளிடம் கரைபுரண்டு ஓடி, அது பிரியும் முக்கொம்பில் மதகுகளே உடைந்தன. அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போனது. 2023-இல் மேட்டூரில் தண்ணீர் போதாமல் என் குறுவை கருகியது. இப்போது ஆற்றுக்கென்று தனியாகத் தண்ணீர் விட வேண்டுமாம். பயிருக்கே இல்லாதபோது ஆற்றுக்கு எங்கிருந்து கொடுப்பது? கொள்ளிடம் நெடுகக் கதவணை, அதாவது கதவு வைத்த தடுப்பணை, கட்டித் தேக்குவதுதான் வழி.

பழையாறு மீனவன்:
அண்ணே, உங்கள் வாய்க்காலுக்கும் கீழே, கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறோம் நாங்கள். வீண் என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. நல்ல தண்ணீர் வந்து உப்பைக் குறைத்தால்தான் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளரும், அலையாத்திக் காடு தழைக்கும். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் உல்லம் மீன் ஒரு காலத்தில் கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி வந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையில் வெள்ளைக்காரன் காலத்திலேயே மீன் ஏறப் படி கட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்த மீன்பாடே போய்விட்டது.

கடைமடை விவசாயி:
தம்பி, உல்லம் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கதவணை இல்லாததால்தான் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, எங்கள் போர் தண்ணீர் உவர்க்கிறது. ஆதனூர்–குமாரமங்கலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை கட்டியதே அதற்காகத்தானே?

நீர்க்கணக்கு:
உப்பை கதவணை தடுக்கும், சரி. ஆனால் அதற்குக் கீழே உள்ள ஆறும் கழிமுகமும் இன்னும் காயும். எண்களைப் பார்ப்போம். காவிரியின் 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) சுற்றுச்சூழலுக்குக் காவிரி நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கியது 10. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதைத் தொடவில்லை. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி, அதாவது விநாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அளவெடுப்பது கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில். அங்கிருந்து நேராக மேட்டூர் அணைக்குள் வந்துவிடுகிறது. பழையாறு வரை போக வேண்டாமா?

கடைமடை விவசாயி:
பாசனத்துக்கு விநாடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் ஒரு டிஎம்சி போகும். பத்து டிஎம்சி என்றால் பத்து நாள் தண்ணீர். கோடையில் அதை விட்டுவிட்டு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லை என்றால் என் நாற்றங்காலுக்கு யார் பதில் சொல்வது?

நீர்க்கணக்கு:
அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் நிலையான அளவு வேண்டாம், பங்காக வையுங்கள் என்கிறேன். கங்கையின் மேற்பகுதிக்கு 2018-இல் மத்திய அரசு அப்படித்தான் விதித்தது: வரும் நீரில் குளிர்காலத்தில் 20 சதவீதம், மழைக்காலத்தில் 30. வறட்சி வந்தால் ஆற்றின் பங்கும் சேர்ந்து குறையும். காவிரிக்கு எத்தனை சதவீதம் என்பதை இங்கே அளந்துதான் முடிவு செய்ய வேண்டும், கங்கைக் கணக்கை அப்படியே ஒட்ட முடியாது.

பழையாறு மீனவன்:
அளவைவிட எனக்கு நேரம்தான் முக்கியம். 2018 மாதிரி சில நாளில் மொத்தமாக வந்தால் எங்களுக்கும் பலனில்லை, வலையையும் படகையும் அடித்துக்கொண்டு போகும். புதுவெள்ளத்தில்தான் கெண்டையும் கெளுத்தியும் முட்டையிட ஏறும். அந்த முதல் சில நாள் மட்டும் கதவணைகளை மூடாதீர்கள்.

கடைமடை விவசாயி:
ஐப்பசி மழையில் வரும் வெள்ளம் என்றால் எனக்கு எதிர்ப்பில்லை, எங்கள் வயலிலும் தண்ணீர் வடிய வேண்டுமே. ஆடியில் மட்டும் கேட்காதீர்கள். நடவு முடியட்டும்.

பழையாறு மீனவன்:
ஆடியில்தானே அண்ணே புதுவெள்ளமே வருகிறது.