தொழுவத்து மச்சில் வைக்கோல் ஏற்றப் பழைய கப்பியைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்து விவசாயி

எங்கள் மாட்டுத்தொழுவின் மேல் பலகை பாவிய மச்சு ஒன்று உண்டு. அதன் வாசலுக்கு மேலே, சுவரைத் தாண்டி இரண்டடி நீண்டிருக்கும் உத்திரத்தின் நுனியில் தாத்தா காலத்து இரும்புக் கப்பி தொங்குகிறது. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கமலை ஓய்ந்த பிறகு, அதிலிருந்து கழற்றிய மர உருளையும் மூலையில் கிடக்கிறது. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் இயந்திரத்தில் கட்டிய வைக்கோல் உருண்டைகள் வந்துவிடும். படப்பு (வைக்கோல் போர்) போட ஆள் கிடைப்பதில்லை என்பதால் இவ்வாண்டு மச்சில் அடுக்க எண்ணுகிறேன். எதைப் பூட்டலாம், ஒருவரே இழுத்து ஏற்ற இயலுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: மரவேலைக்காரர், கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, கப்பியைப் பார்ப்பதற்கு முன் உத்திரத்தைப் பாருங்கள். மேலே கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, பாரத்தைக் குறைக்காது. 30 கிலோ வைக்கோல் கட்டைத் தூக்க நீங்களும் 30 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி இழுப்பீர்கள் என்பதால், உத்திர நுனியில் விழுவது ஏறத்தாழ 60 கிலோ. வெடுக்கென்று இழுத்தால் அதற்கும் மேலே போகும். நுனி தாழும்போது உத்திரத்தின் உள்முனை மேலே எழும்ப முயலும். ஆகவே அம்முனையின் மேல் சுவரின் பாரம் இருக்கிறதா, அல்லது வெறும் ஆணியில் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் கரையான் முதலில் குடியேறும். அங்கே தட்டிப் பார்த்து, மொத்தையான ஓசை வந்தால் உளியால் சற்றுக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த உத்திரத்தை நம்ப வேண்டாம்.

பதில் 2: லேத் பட்டறை நடத்துபவர், பேட்டை

மேலுள்ள பதிலுடன் உடன்படுகிறேன். வார்ப்பிரும்பு திடீர் அடியைத் தாங்காமல் முன்னறிவிப்பின்றி உடையும் என்பதால், துருவை நன்றாகச் சுரண்டிவிட்டுக் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். அச்சுத் துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் புது அச்சுப் போட்டுக் கிரீஸ் தடவுங்கள். கமலை உருளை இரண்டு மாடுகள் இழுத்த தண்ணீர்ப் பாரத்தைத் தாங்கியதுதான்; ஆனால் அதன் பள்ளம் தடித்த வடத்துக்காகக் கடைந்தது. மெல்லிய நைலான் கயிற்றைப் போட்டால் அது பக்கவாட்டில் நழுவி உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கிக்கொள்ளும்.

ஒருவரே ஏற்ற வேண்டுமானால் இன்னொரு கப்பியைக் கட்டோடு சேர்த்து மாட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை உத்திரத்தில் கட்டி, கீழ்க் கப்பியில் சுற்றி, மேல் கப்பி வழியாக இறக்கினால், உராய்வைத் தள்ளிவிட்டுப் பார்க்கும்போது 30 கிலோவுக்கு 15 கிலோ இழுப்பே போதும். உத்திரத்தின் மீதான பாரமும் 45 கிலோவாகக் குறையும். பத்தடி உயர்த்த இருபது அடி கயிறு இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ள வேண்டாம். தூணில் ஒரு சுற்றுப் போட்டு இழுத்தால் பிடி நழுவினாலும் கட்டு சட்டென்று விழாது.

பதில் 3: கடையம் வாசகர்

அமெரிக்காவில் வில்லியம் லூடன் என்பவர் 1867-இல் காப்புரிமை பெற்ற சாதனத்தில், முகட்டின் கீழே ஓடும் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்டி, மேலே வந்த உலர்புல்லைக் களஞ்சியத்தின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வடத்தைக் குதிரை இழுக்கும். நமது மச்சுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், மேலே நிற்பவர் வெளியே எட்டிக் கட்டைப் பிடிக்க வேண்டியதில்லை என்ற வசதியைக் கவனியுங்கள். எட்டிப் பிடிக்கும்போதுதான் ஆள் விழுகிறார். கட்டோடு ஒரு வால்கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை மச்சில் நிற்பவரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டால், அவர் உள்ளே நின்றபடியே இழுத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உத்திரத்தின் உள்முனை சுவருக்குள் ஓரடிக்கு மேல் புதைந்திருக்கிறது, மரமும் உறுதியாகவே ஒலிக்கிறது. கப்பியின் அச்சுத் துளைதான் தேய்ந்திருக்கிறது, பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். கார் பருவ நெல் அறுவடை வைக்கோலையும் இப்படியே ஏற்றலாமா?

பதில் 2-க்கு உரியவர்

ஏற்றலாம், ஆனால் மழை பட்ட கட்டுகளை அல்ல. ஈர வைக்கோலை நெருக்கி அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறும். சில வேளைகளில் தீப்பற்றுவதும் உண்டு, கீழே மாடுகள் நிற்கின்றன. கட்டுக்குள் கையை நுழைத்துப் பார்த்து, ஈரமோ வெதுவெதுப்போ தட்டுப்பட்டால் பிரித்துக் களத்தில் உலர்த்திய பிறகே ஏற்றுங்கள்.