புதுப்பிப்பு: ஸ்பீக்கர் முடிவாகிவிட்டது

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், கெஃப் எல்எஸ்50 மெட்டாவா, ஹார்பெத் பி3இஎஸ்ஆரா என்று போன மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். இரண்டையும் வீட்டிலேயே வைத்துக் கேட்டாயிற்று. ஹார்பெத் வாங்கிவிட்டேன்.

அறை 10க்கு 12 அடிதான். சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். கெஃப்புக்குத் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் காற்றுத்துளை பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி. அதனால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் கனத்த ஒலி, ஒரேயடியாகக் குமுறியது. துளையில் பஞ்சு அடைத்ததும் குமுறல் அடங்கியது, கூடவே உயிரும் போனது. குரலின் துல்லியத்தில் கெஃப் அருமை, அதை மறுக்கவே மாட்டேன். ஹார்பெத்தோ துளையே இல்லாத மூடிய பெட்டி. தொப்பியில் இடக்கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி வழுக்கிக்கொண்டு ஏறுவது அப்படியே கேட்கிறது. முதல் நாள் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் எச்சரித்தபடி ஹார்பெத்தின் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, குறைவுதான், 83.5 டெசிபல். ஆனாலும் இந்த அறைக்கு என் 60 வாட் ஆம்ப்ளிஃபயர் தாராளம். கேபிளுக்கு ஒதுக்கிய காசில் கனமான ஸ்டாண்ட் வாங்கினேன்.