ஸ்டாக் கார் அணிகள் கம்பெனி மாறும்போது உண்மையில் மாறுவது எது?

மூன்றாம் வளைவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களான நாஸ்காரை இரண்டு ஆண்டுகளாகத்தான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பழைய பதிவுகளைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. 2012-இல் பிராட் கெசலோவ்ஸ்கி டாட்ஜ் காரில் சாம்பியன் ஆகிறார். அடுத்த ஆண்டே அவருடைய பென்ஸ்கி அணி ஃபோர்டில் ஓடுகிறது. ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியும் 2014-இல் கெவின் ஹார்விக் மூலம் செவர்லேயில் பட்டம் வென்றுவிட்டு, 2017-இல் ஃபோர்டுக்குப் போய்விடுகிறது. எல்லாரும் ஓட்டுவது 358 கன அங்குல வி8 இன்ஜின்தான். கடையில் விற்கும் காருக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை என்கிறார்கள். அப்படியானால் ஜெயிக்கிற அணி எதற்காக மாற வேண்டும்? பணம் மட்டும்தான் காரணமா?

பட்டறைக்காரன்

பென்ஸ்கியின் கதையில் தேதிகளைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ஃபோர்டுக்குப் போவதாக அவர்கள் அறிவித்தது 2012 மார்ச்சில், அதாவது சீசன் தொடங்கிய சூட்டோடு. டாட்ஜ் தானும் விலகுவதாகச் சொன்னது ஆகஸ்டில். பட்டம் கிடைத்ததோ நவம்பரில். ஆகவே, ஜெயித்த அணி உதறிவிட்டுப் போனது என்று சொல்வது சரியாகாது. போவது முடிவான பிறகுதான் ஜெயித்தார்கள். 1975-இல் ரிச்சர்ட் பெட்டி வென்ற பிறகு டாட்ஜுக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அந்தக் கட்டத்தில் டாட்ஜில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய அணி பென்ஸ்கிதான் என்பதால், இன்ஜின் வேலையின் சுமையையும் தரவு சேர்க்கும் வேலையையும் பகிர்ந்துகொள்ள அவர்களுக்குத் துணை இல்லை. ஃபோர்டுக்கு வந்ததும் சொந்த இன்ஜின் பட்டறையை விட்டுவிட்டு, ஃபோர்டு அணிகளுக்கு இன்ஜின் கட்டும் ரௌஷ் யேட்ஸ் நிறுவனத்திடம் வாங்கத் தொடங்கினார்கள்.

358 கன அங்குலம் என்பது கொள்ளளவின் உச்சவரம்பு மட்டுமே. இன்ஜினின் முக்கியப் பாகங்களான பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வடிவமைப்பு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. ஆனால் ஸ்டூவர்ட்-ஹாஸ் விஷயத்தில் இன்ஜினைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. செவர்லேயில் ஓடிய காலம் முழுவதும் அவர்கள் இன்ஜினையும் சேஸிஸையும் (காரின் அடிச்சட்டம்) வாங்கியது ஹெண்ட்ரிக் அணியிடம்; ஞாயிற்றுக்கிழமை யாரைத் தோற்கடிக்க வேண்டுமோ, அவரிடமே திங்கட்கிழமை சரக்கு வாங்கப் போகும் நிலை. என்னதான் நேர்மையாக நடந்துகொண்டாலும் விற்பவர் வீட்டுக்குத்தான் முதல் பந்தி. ஃபோர்டுக்குப் போனபின் சேஸிஸைத் தாங்களே செய்துகொண்டார்கள், முதல் பந்தயமான 2017 டேட்டோனா 500-ஐ கர்ட் புஷ் வென்றும் கொடுத்தார்.

ஓவல் பைத்தியம்

பட்டறைக்காரன் சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். சொந்தக் கையில் வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு ஜோ கிப்ஸ் அணி எதிர்ச் சாட்சி. 2008-இல் செவர்லேயிலிருந்து டொயோட்டாவுக்கு வந்தபோதும் இன்ஜினை அவர்களே கட்டினார்கள். அந்த மார்ச்சில் அட்லாண்டாவில் கைல் புஷ் வென்றதுதான் நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் டொயோட்டாவின் முதல் வெற்றி. இரண்டாம் நிலைத் தொடரில் அந்த இன்ஜின்கள் வலுவாக இருக்கின்றன என்று கருதி, காற்றுச் செல்லும் துளையைச் சிறிதாக்கச் சொன்னது நாஸ்கார். ஆகஸ்டில் மிச்சிகன் பந்தயம் முடிந்ததும் கார்களை இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றியபோது, ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் கால் அங்குலக் கனத்தில் காந்தத் துண்டுகள் ஒட்டியிருந்தது தெரியவந்தது. பெடல் தரையைத் தொடாவிட்டால் இன்ஜினின் முழுச் சக்தியும் அளவில் தெரியாது அல்லவா! பலம் இருப்பதை மறைக்கப்போய் ஓர் அணி அகப்பட்டுக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் 2011-இல் அவர்களின் கப் இன்ஜின்கள் அடிக்கடி உடைந்தன. 2012 முதல் இன்ஜின் வேலை முழுவதையும் கலிபோர்னியாவில் இருக்கும் டொயோட்டாவின் பந்தயப் பிரிவான டிஆர்டியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. 2013-இல் கான்சாஸில் மேட் கென்செத் வென்ற காரின் இன்ஜினைப் பிரித்தபோது, பிஸ்டனைத் தாங்கும் எட்டு கனெக்டிங் ராடுகளில் ஒன்று மட்டும் விதிப்படியான குறைந்தபட்ச 525 கிராமைவிட மூன்று கிராமுக்கும் குறைவான அளவே எடை குறைந்திருந்தது. தவறு எங்களுடையது என்று டிஆர்டியே ஒப்புக்கொண்டது. அப்படியும் 50 புள்ளிகள் கழிக்கப்பட்டது கென்செத்துக்குத்தான். மேல்முறையீட்டில் அது 12 ஆகக் குறைந்தது.

டென்வரிலிருந்து ஒற்றைக் காருடன் வந்த ஃபர்னிச்சர் ரோ அணியையும் மறக்க வேண்டாம். 2016-இல் டொயோட்டாவுக்கு மாறி, ஜோ கிப்ஸ் அணியிடம் சேஸிஸும் தொழில்நுட்ப உதவியும் பெற்றார்கள். அவ்வாண்டு சார்லட்டின் 600 மைல் பந்தயத்தில் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் 400 சுற்றுகளில் 392-இல் முன்னிலை வகித்தார். 2017-இல் பட்டம். 2018 முடிவில் அணியே மூடப்பட்டது. ஸ்பான்சர் விலகியதோடு, கிப்ஸ் அணியுடனான கூட்டின் செலவு ஏறியதும் அதற்குக் காரணம். முதல் பந்தி எனக்கு இல்லை என்று எழுந்துபோகலாம். சாம்பியனாகும் அளவுக்குச் சாப்பாடு போட்டவரும் வெளியாள்தானே?

மூன்றாம் வளைவு

இருவருக்கும் நன்றி. 2022 முதல் எல்லாரும் ஒரே இடத்தில் சேஸிஸ் வாங்குவதால் இப்போது மாறுவது எளிதாகியிருக்க வேண்டுமே?

பட்டறைக்காரன்

இரும்பு வேலை எளிதாகிவிட்டது. சேஸிஸ், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவை பொது விற்பனையாளர்களிடமிருந்து வருகின்றன. இன்ஜினும் மேல்பாகத்தின் வடிவமும் மட்டுமே கம்பெனிக்குரியவை. ஆனால் எல்லார் காரும் ஒன்றாகிவிட்டதாலேயே, மிச்ச வித்தியாசம் முழுவதும் சிமுலேட்டரிலும் கம்பெனி தரும் தரவிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஜிம்மி ஜான்சன் பங்குதாரராக உள்ள லெகசி அணி, 2024 முதல் டொயோட்டாவுக்குப் போவதாக 2023 மே மாதமே அறிவித்தது. சீசனில் மூன்றில் இரண்டு பங்கு அப்போது பாக்கி. எதிர்முகாமுக்குப் போகப்போகிறவருக்கு எந்தக் கம்பெனிதான் புதுச் சமாச்சாரத்தைக் காட்டும்? புது இடத்திலும் 2024-இல் அவர்களுக்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை.

பழைய டிக்கெட்

இந்தக் காத்திருப்பெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது. டாட்ஜின் காற்றைக் கிழிக்கும் காரைக் கேட்டும், தான் அதுவரை ஓட்டிவந்த ப்ளிமத் கம்பெனி தர மறுத்ததால், ரிச்சர்ட் பெட்டி 1969-இல் ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைக்கத்தான் முதுகில் உயரமான இறக்கையோடு 1970-இல் ப்ளிமத்தின் சூப்பர்பேர்டு கார் வந்தது. 1978-இல் டாட்ஜ் மேக்னம் காலை வாரியபோது, சீசன் முடியும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. ஆகஸ்டிலேயே ஒரு செவர்லேயில் ஏறிவிட்டார். அடுத்த பிப்ரவரியில் டேட்டோனா 500-ஐ வென்றபோது அவர் ஓட்டியது ஓல்ட்ஸ்மொபைல்.