நாந்த் நகரத்து ஜெர்மன் வாத்தியார்

படிப்புக்காகப் பிரான்ஸின் நாந்த் நகரில் இருந்த காலத்தில் ழான்-மார்க் எய்ரோவை ஒருமுறை நேரில் பார்த்தேன். அடிமை முறை ஒழிப்பை நினைவுகூரும் மே 10 அன்று, லுவார் ஆற்றங்கரை நிகழ்ச்சியில் கூட்டத்தோடு நின்றிருந்தார். பிரான்ஸின் முன்னாள் பிரதமர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அமைதியான ஆள்.

அவருடைய அப்பா ஜவுளித் தொழிலாளி. எய்ரோ பள்ளியில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். 1977-இல், 27 வயதிலேயே, பக்கத்து ஊரான சேந்தெர்ப்ளேனுக்கு மேயரானார். 1989 முதல் 2012 வரை நாந்த் மேயர்.

அந்த நகரத்தின் பழைய பணக்கார மாளிகைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பிரான்ஸின் மிகப் பெரிய அடிமை வணிகத் துறைமுகம் அது. இந்தியத் துணிகளையும் கப்பலில் ஏற்றிப் போய், ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரி வழியாக வாங்கிய துணிகளும் அந்த வணிகத்துக்குப் போயின. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1985-இல், பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை வரையறுத்த 1685-ஆம் ஆண்டு அடிமைச் சட்டத்தின் 300-ஆம் ஆண்டை நினைவுகூர முயன்றவர்களுக்கு, அப்போதிருந்த வலதுசாரி நகராட்சி கைகொடுக்கவில்லை. எய்ரோ வந்த பிறகு நிலைமை மாறியது. 1992-இல் நகரத்துக் கோட்டையில் அடிமை வணிகத்தைப் பற்றிப் பெரிய கண்காட்சி திறந்தது. 2012 மார்ச் 25-இல் ஆற்றங்கரையில் நினைவிடமே திறந்தார்கள். நடைபாதையில் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் நாந்திலிருந்து கிளம்பிய கப்பல்களின் பெயரும் ஆண்டும் இருக்கும். குனிந்து வாசித்துக்கொண்டே போனால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், முடியாது. பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அங்கே அழைத்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நகரத்தின் பெருமையை மட்டும் பேசி ஓட்டு வாங்குவது எந்த மேயருக்கும் சுலபம். இவர் அதன் அவமானத்தையும் எல்லோரும் படிக்கும்படி தரையில் எழுத வைத்தார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

சரி, பிரதமர் பதவி? 2012 மே மாதம் அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் அவரை நியமித்தார். ஒருபாலினத் திருமணச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. 2014 உள்ளாட்சித் தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி படுதோல்வி அடைந்ததும் பதவி போனது. 2016-இல் வெளியுறவு அமைச்சராகத் திரும்பி வந்தார்.

அவரிடம் எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயமும் உண்டு. நோத்ர்-தாம்-தெ-லாந்த் என்ற கிராமப்பகுதியில் புது விமான நிலையம் வேண்டும் என்று கடைசிவரை நின்றார். விளைநிலத்தைக் காக்க அங்கேயே குடியேறியவர்களை வெளியேற்ற 2012-இல் போலீஸ் போனபோது அவர்தான் பிரதமர். 2018-இல் அரசே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உள்ளூரில் இன்றும் இதைச் சொல்லி அவரைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். திட்டுவதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.